கர்டரில் நான் போட்ட கோடு

ஒரு நல்ல மனிதரைத் தன் கண்ணையே நம்பாதவராக ஆக்கியவன் நான். விளையாட்டாகத்தானே செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று. இந்த வயதில் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் அவரைப் பற்றிச் சிரித்துப் பேச எனக்கு உரிமை வரும். சொல்லிவிட்டேன். இனி அவரைப் பார்ப்போம்.

யுத்த காலத்தில், ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி வரைக்கும், வெறுங்கையால் அவ்வளவு இரும்பை உடைத்த மனிதர் வேறு யாரும் கிடையாது. பயில்வான் என்று நினைத்துவிடாதீர்கள். தலைப்பாகையைக் கழற்றி வைத்தால் ஆளில் பாதி குறைந்துவிடும், அவ்வளவு ஒல்லி. அவருடைய முறையே வேறு. பேசிக்கொண்டே உங்கள் குடையை எடுப்பார். அதன் கம்பியை இந்தப் பக்கம் வளைப்பார், அந்தப் பக்கம் வளைப்பார். உங்கள் குழந்தைகளின் சௌக்கியத்தை விசாரித்துக்கொண்டே மறுபடியும் இந்தப் பக்கம், மறுபடியும் அந்தப் பக்கம். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு துண்டையும் மரியாதையாக உங்கள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வார்:

"பாத்தியா? இப்ப வரைக்கும் நல்லாத்தான் கீதுன்னு சொல்லிகினு இருந்தே. அதுக்கு உள்ளாற அசதி. ஒருத்தனாவது கேட்டானா?"

இரும்புக்கும் அசதி உண்டு என்பதுதான் அவருடைய வேதம். அதனால் அவருக்குப் பெயர் அசதி மேஸ்திரி. வருகைப் பதிவில் வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவர் வருவது தெரிந்தால் பட்டறையே பரபரப்பாகும். சாவி வளையங்கள் மடிக்குள் போகும். சாப்பாட்டு அடுக்கின் கைப்பிடியை ஆட்கள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். தலைமை குமாஸ்தா மேஜைமேல் இருக்கும் குண்டூசிகளைக்கூட இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார். பூட்டிய சாவியை மேஸ்திரி எடுத்துவிடுவார்.

நான் பொறியியல் படித்து முடித்த சூட்டோடு அந்தப் பட்டறையில் உதவி ஓவர்சியராகச் சேர்ந்திருந்தேன். ராணுவ லாரிகளைப் பழுது பார்க்கும் இடம். அதுவரை வயலும் ஏரிக்கரையுமாக இருந்த பூமியில் யுத்தம் கொண்டுவந்து இறக்கிய பிரமாண்டமான தகரக் கொட்டகை அது. அதன் நீளத்துக்கு, தலைக்கு மேலே, உத்தரம் போல இரண்டு பெரிய இரும்பு கர்டர்கள். கர்டர்மேல் கிரேன் ஓடும். லாரி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். கீழே ஆட்கள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேஸ்திரி ஒருவர்தான் நாளெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடப்பார். அதனால் கீழே கிடந்த அத்தனை சாமான்களிலும் தடுக்கி விழுந்திருக்கிறார். கிரேன் விழுந்து அவருக்கு அடிபட்டதில்லை. கிரேனைப் பார்த்துக்கொண்டே போய் அடிபட்டது அநேகம்.

"ஒருவாட்டி குனிஞ்சி நிமிர்ந்தா ஒண்ணுமில்ல சார். காலைலேர்ந்து குனிஞ்சி நிமிர்ந்துகினே இருந்தா? உன் இடுப்பு தாங்குமா? கர்டரும் அப்பிடித்தான். எஞ்சினைத் தூக்கறப்ப குனியுது, எறக்கறப்ப நிமிருது. உன் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்ல?"

அவர் சொன்னது சரி. அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு கர்டர் ஒரே தடவையில் எவ்வளவு பாரம் தாங்குமோ, அதில் பாதிகூட இல்லாத பாரத்தையும் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வந்தால், பட்டைகளை இணைக்கும் ரிவெட்டு ஆணியின் துளை ஓரத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் பிறக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தூக்கலுக்கும் துளித்துளியாக நீளும். நேற்றுவரை அலட்சியமாகத் தூக்கிய அதே எஞ்சினை ஒருநாள் தூக்கும்போது பட்டென்று போய்விடும். கல்லூரிப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் பிரமாதமாக விடை எழுதியிருந்தேன்.

ஆனால் மேஸ்திரியின் விஞ்ஞானம் அந்த இடத்தோடு நிற்காது. அமாவாசையன்று கனமான எஞ்சினைத் தூக்கக்கூடாது என்பார். வடக்குப் பக்கத்து கர்டர் சாது, தெற்குப் பக்கத்து கர்டர் ரோஷக்காரி என்பார். வாரம் ஒருநாள் லீவு கொடுத்தால் இரும்புக்குப் போன தெம்பு திரும்பி வந்துவிடும் என்பார். நான் மறுத்துப் பார்த்தேன்.

"மேஸ்திரி, லீவு குடுத்தாலும் அது ஆறாது. இரும்பு வேற, உடம்பு வேற."

"நீ பாத்தியா?"

"புத்தகத்துல இருக்கு."

"புஸ்தகம் எழுதினவனுக்கு யாரும் லீவு குடுத்திருக்க மாட்டாங்க. அந்தக் காண்டுல எழுதிட்டான்."

அவர் செய்த காரியங்களிலே மிகவும் பிரசித்தமானது சனிக்கிழமைக் குளியல். சனிக்கிழமை மத்தியானம் கிரேனை நிறுத்திவிடுவார். சாரத்தில் ஏறி கர்டரின் அடிப்பட்டை முழுவதும் மண்ணெண்ணெய் தடவுவார். கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடைப்பார். பிறகு மெல்லிய சுண்ணாம்பை ஒரு பூச்சுப் பூசிக் காயவிடுவார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் கறுப்புக் கோடாக எழும். நல்ல சோதனைதான். ஆனால் பார்ப்பவர்களுக்கு, ஒரு மனிதர் இரும்பு உத்தரத்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பவுடர் போடுவதுபோல இருக்கும். கீழே இருந்து குரல்கள் கிளம்பும்.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணு பெரிய மனுஷி ஆயிடுச்சா? புட்டு எங்கே?"

"மாமன் சீரு வந்துச்சா?"

"சோப்பு போடு நைனா, முதுகுல அழுக்கு கீது பாரு!"

மேஸ்திரி மேலேயிருந்து பதில் சொல்வார்: "சிரிங்கடா. உங்க மண்டைக்கு மேலதான் தொங்குது. என் மண்டை நெமிலிச்சேரில பத்திரமா கீது." தலை இங்கேயும் வீடு நெமிலிச்சேரியிலும் இருக்கும்போது அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் குளியலால் சனிக்கிழமை வேலை பாதியில் நின்றுபோகும். வேலைக் கணக்குக்கு நான் பொறுப்பு. பட்டறைக்குத் தலைவரான வெள்ளைக்கார கேப்டன் துரையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்தான். அது ஒரு கோபம். இன்னொரு கோபம் என் மூக்குக் கண்ணாடி.

அம்பத்தூரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அதற்காகவே மெல்லிய கம்பிச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன். மேஸ்திரி கண்ணில் பட்டுவிட்டது.

"ஜோரா கீது சார். இந்தக் காதுக் கம்பி..."

"வேணாம் மேஸ்திரி. தொடாதீங்க."

"சும்மா பாக்கறேன் சார். நான் இன்னா பண்ணிடப்போறேன்?"

டிக்.

வேலை முடிந்து போனபோது கடைகள் மூடியிருந்தன. மறுநாள் ஒரு காதில் கம்பியும் மறு காதில் நூலுமாகப் பெண் வீட்டில் போய் உட்கார்ந்தேன். காபியை வாங்கக் குனிந்தபோது நூல் நழுவி, மூக்குக் கண்ணாடி காபிக்குள்ளேயே விழுந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கிப் பார்த்து, முடியாமல் உடைந்துபோன சிரிப்பு. அந்தப் பெண்தான் பிற்பாடு என் மனைவி. எதைச் சொன்னாலும் சிரித்துவிடுவாள். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கண்ணாடிக்காக மேஸ்திரிக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பட்டறையில் அந்தக் கதை பரவி, ஆட்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காதைத் தடவிக்கொள்ள ஆரம்பித்தார்கள். படித்தவன் என்ற கர்வம் எனக்கு நிறைய இருந்தது. பொறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆட்கள் சாப்பாட்டு அடுக்குகளை எடுத்துக்கொண்டு கிளம்பிய நேரத்தில், தெற்கு கர்டரின் சாரத்தில் ஏறினேன். கூர்மையான ஊசியால், நடுப்பகுதியில், ஒரு ரிவெட்டின் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு மெலிதாக ஒரு கீறல் போட்டேன். விரிசல் பிறந்தால் எங்கே பிறக்கும், எந்தப் பக்கம் ஓடும் என்பது எனக்குப் பாடம். கோடு சற்றே நெளியவேண்டும் என்பதுகூடத் தெரியும். அதில் கறுப்பு எஞ்சின் எண்ணெயைத் தேய்த்துவிட்டு மேலே துடைத்தேன். என் படிப்பை அவ்வளவு கவனமாக நான் உபயோகித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மேஸ்திரி குளிப்பாட்டினார். சுண்ணாம்பு காய்ந்தது. கோடு எழுந்தது.

அவர் போட்ட கூச்சல் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். "எல்லாரும் வெளியே போங்கடா! தெக்குப் பக்கத்துக்காரி விரிசல் உட்டுட்டா! போங்கடா வெளியே!" ஆட்களைப் பிடித்துத் தள்ளினார். கிண்டல் செய்தவனையும் தள்ளினார். கேப்டன் துரையின் அறைக்குள் செருப்போடு ஓடி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வரிசை லாரிகள் புறப்பட வேண்டியிருந்தது. துரையின் முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது.

நான் நிதானமாகச் சாரத்தில் ஏறினேன். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். ஊசிக் கீறல் எவ்வளவு ஆழம் இருக்கும்? நாலு தேய்ப்பில் கோடு போய்விட்டது. பளபளவென்று சுத்தமான இரும்பு.

"விரிசல் இல்ல சார். வெறும் கீறல்," என்றேன்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. மேஸ்திரி மட்டும் பளபளப்பான அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். "நல்லா தெரிஞ்சிது சார்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அன்றோடு சனிக்கிழமைக் குளியல் ரத்தாயிற்று. மேஸ்திரியைக் கொட்டகைக்குள் வரவேண்டாம் என்று சொல்லி, பாதை ஓரத்துக் கற்களுக்கு வெள்ளையடிக்கப் போட்டார் துரை. ராணுவத்தார் இருக்கும் இடத்தில் கற்கள்கூட வரிசையாக, வெள்ளையாக நிற்கவேண்டும் அல்லவா? திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை துரை என் தோளைத் தட்டி, கெட்டிக்காரன் என்று சொல்லி, கிரேன் பொறுப்பு முழுவதையும் என்னிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

மேஸ்திரி என்னைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன்னைச் சந்தேகப்பட்டார். பட்டணத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் கோளாறு தலையில்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். கல்லுக்கு வெள்ளையடித்துவிட்டு, "நல்லா வந்துகீதா தம்பி?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார். எதையும் வளைத்துப் பார்ப்பதில்லை. தலைமை குமாஸ்தாவின் குண்டூசிகள் மேஜைமேல் பரப்பியபடி கிடந்தன. ஒருநாள் நான் என் குடையை வேண்டுமென்றே அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அது நனையாதபடி தள்ளி வைத்திருந்தார். அவ்வளவுதான்.

தினமும் நாங்கள் செய்த கிண்டல்களை அவர் அத்தனை நாளும் சிரித்துக்கொண்டே தாங்கியவர்தான். அதைவிடப் பெரிய கிண்டல் ஒன்றும் நான் செய்துவிடவில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். பாதிப் பாரமே திரும்பத் திரும்ப ஏறினால் போதும் என்று நான் படித்த பாடம் எனக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி வந்திருந்த என் மனைவியிடம் ஒருநாள் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். காபிக் கண்ணாடிக்குச் சிரித்தவள் இதற்குச் சிரிக்கவில்லை. "நிஜமாவே விரிசல் வந்தா இப்ப யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள். ஆட்கள் கிரேனுக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 

மறுநாள் மேஸ்திரியைத் தேடிப் போனேன். பாதை ஓரத்தில் சுண்ணாம்பு வாளியோடு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். "மேஸ்திரி, அந்தக் கோடு நான் போட்டது."

அவர் வெள்ளையடிக்கும் மட்டையை வாளிக்குள் வைத்தார். "இன்னாத்தால போட்டே?"

"ஊசியால."

"கரெக்டா ரிவெட்டு ஓரத்துல, நடுவுல போட்டிருந்தே. அங்கதான் உடும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

 கோபமே இல்லாமல் கேட்டார்: "அப்ப, நான் சொன்னது நெசம்னு தெரிஞ்சிகினுதான் அவுங்களோட சேந்து நீயும் சிரிச்சியா சார்?"

 

அங்கிருந்து நேரே துரையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை. நாளை ஆட்கள் எல்லோர் முன்னாலும் இதையே சொல் என்றார். சொன்னேன். பெரிய பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். நான் முடிப்பதற்குள் கொட்டகை மறுபடியும் சிரித்தது, முன்னைவிடப் பலமாக. "ஊசிக் கோட்டைப் பாத்தா பயந்தே அண்ணாத்தே?" "ஓவர்சியர் உனக்குக் கோலம் போட்டுட்டாருய்யா!" என்னைப் பார்த்து ஒருவனும் சிரிக்கவில்லை. என் வாக்குமூலம் மேஸ்திரிமேல் ஏற்றிய இன்னொரு பாரமாகப் போயிற்று.

சனிக்கிழமைக் குளியலை மறுபடியும் நடத்தும்படி உத்தரவாயிற்று. என் பொறுப்பு பறிபோனது. அதற்குப் பதில் மண்ணெண்ணெய்த் துணி என் கைக்கு வந்தது. மேஸ்திரியைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார்கள், அவர் வர மறுத்துவிட்டார். நானே ஏறித் தேய்த்தேன். புட்டு எங்கே என்று என்னைக் கேட்டார்கள். கேட்கட்டும்.

சில வாரங்கள் கழித்து, தெற்கு கர்டரில், நான் கீறிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கோடு எழுந்தது. யாராவது கீறி வைத்து என்னைப் பழிவாங்குகிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். "மேஸ்திரி, ஒருதரம் வந்து பாருங்க. ஆளுங்க உயிர்."

உயிர் என்றதும் எழுந்துவிட்டார். சாரத்தில் ஏறினார். கோட்டுக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருந்த மனிதர். அமாவாசை முதல் ஐரோப்பிய யுத்தம் வரை தெரியாது என்று ஒருநாளும் சொல்லாதவர். திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தெரியல சார்."

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கோடு போகவில்லை. இன்னும் தேய்த்தேன், கை சிவக்கும்வரை. தேய்க்கத் தேய்க்க அது இன்னும் மெலிதாக, இன்னும் தெளிவாக இரும்புக்குள்ளேயே நின்றது. "விரிசல்தான் மேஸ்திரி. நீங்க சொன்னதுதான்," என்றேன்.  கீழே அன்று யாரும் சிரிக்கவில்லை. ரிவெட்டை எடுத்துப் பார்த்தபோது விரிசல் பட்டையின் பாதிவரை போயிருந்தது. கர்டரை மாற்றும்வரை கிரேன் ஓடவில்லை. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

ஆட்கள் மேஸ்திரியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் டீ வாங்கிவந்து நீட்டினான். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்பைக் கழுவினார். "நல்லவேளை, சார் பாத்துட்டாரு," என்றார். மறுவாரம் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

யுத்தம் முடிந்தது. அவர் பூவிருந்தவல்லியில் மகள் வீட்டோடு போய், மல்லிகைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். மன்னிப்பு என்ற பேச்சை எடுத்தபோதெல்லாம், "இந்தப் பூவைப் பாரு சார்," என்று பேச்சை மாற்றிவிடுவார். மழையைப் பற்றிப் பேசுவோம். பேரனின் பல்வலியைப் பற்றிப் பேசுவோம். இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. என் மனைவிக்கென்று ஒரு பொட்டலம் பூ மட்டும் தவறாமல் கட்டி வைத்திருப்பார்.

சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட வருவார். பஸ் வந்து நின்றதும் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். ஸ்பிரிங் பட்டைகளை விரலால் தடவுவார். "யோவ் பெருசு, எந்திரிய்யா, வண்டி போவ வேணாமா?" என்று கண்டக்டர் கத்துவான். எனக்காக மட்டும், அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும், அவர் தன் கண்ணை நம்பினார். சரியென்று பட்டால், "ஏறு சார்," என்பார். சரியில்லை என்று பட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், என் கையைப் பிடித்துக்கொள்வார். பஸ் போய்விடும். அடுத்த பஸ் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. இருட்டிக்கொண்டு வரும். அந்தக் கையிலிருந்து என் கையை நான் ஒருநாளும் உருவிக்கொண்டதில்லை.